முட்டுப் பிரிக்கற நாள்

"சம்மட்டிய நிறுத்து"ன்னார் வேம்பு சாஸ்திரிகள்.

அவ்வளவுதான், எல்லாம் கெட்டுது.

1934, கார்த்திகை பன்னண்டு. பனகல் பார்க்குக்குப் பின்னாடி, ஏரிய மூடிப் போட்ட மனையில வக்கீல் சுவாமிநாதன் புது வீடு கட்டறார். மாம்பலம் அப்ப பாதி வயல், பாதி வீடு. சாயங்காலமானா தவளைக் கச்சேரி. மயிலாப்பூர்லேர்ந்து ஜட்கா பிடிச்சு வந்து வேடிக்கை பாப்பாங்க, ஏன்னா அந்தத் தெருவுக்கே முதல் கான்கிரீட் கூரை அதுதான்.

கூரைக்குக் கீழ, கான்கிரீட் இறுகற வரைக்கும் தாங்கிப் பிடிக்க, வரிசையா சவுக்குக் கட்டை முட்டு. பட்டினப்பாக்கத்து மீன்காரக் குப்பத்துலேர்ந்து கூலிக்கு வந்த லூர்துசாமி உள்ள குனிஞ்சு நின்னு, முதல் முட்டோட ஆப்பைத் தட்ட சம்மட்டிய ஓங்கிட்டான். வெளியில வக்கீல், அவர் சம்சாரம் காமாக்ஷி மாமி, மேஸ்திரி பஞ்சாட்சரம். தட்டுல கற்பூரம் ரெடி.

வக்கீல் நகம் வெட்டறதுக்கே நாள் பாக்கறவர். முட்டு பிரிக்கவும் பாத்தார். குறிச்சுக் குடுத்ததே இந்த சாஸ்திரிகள்தான்.

"என்ன சாஸ்திரிகளே, இப்பப் போய்?"

"நாள் தப்பிடுத்து. உங்க நட்சத்திரத்துக்கு இன்னிக்கு ஆகாது. கணக்குல சறுக்கிட்டேன்."

"நீங்கதானே குறிச்சேள்?"

"நான்தான். தப்பும் நான்தான்."

"சரி, அடுத்த நல்ல நாள் எப்போ? நாளைக்கா?"

சாஸ்திரிகள் பஞ்சாங்கத்த நிதானமாப் புரட்டினார். "இருபத்துமூணாந் தேதி."

"இன்னும் பதினோரு நாளா? பதினஞ்சாந் தேதி கிரகப்பிரவேசம்னு முந்நூறு பேருக்குப் பத்திரிகை போயாச்சு, ஸ்வாமி."

"அதை இருபத்தேழுல வெச்சுக்கலாம். மார்கழி பொறக்கறதுக்குள்ள ஆயிடும்."

மாமி இதுவரைக்கும் பொறுத்துண்டிருந்தா. "தஞ்சாவூர்லேர்ந்து நாத்தனார் நேத்திக்கே வந்து இறங்கியாச்சு. பதினஞ்சு நாள் அவளுக்கு யார் வடிச்சுக் கொட்டறது? சாஸ்திரிகளாத்துக்கு அனுப்பட்டுமா?"

மேஸ்திரிக்கும் எரிச்சல். "இன்னா சாமி, பத்து நாளாச்சு, கூரை கல்லாட்டம் கீது. இந்த முட்டு, பலகையெல்லாம் அடுத்த வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். ஒரு ஆப்பு தட்டறதுக்கு நட்சத்திரமா?"

மண்ணு சொமக்கற பொம்பளைங்க ஓரமா நின்னு சிரிச்சாங்க. "ஐயருக்குக் கண்ணு பூட்ச்சு."

வக்கீல் சாஸ்திரிகளையே முறைச்சுப் பாத்தார். ஆனா 'ஆகாது'ன்னு காதுல விழுந்தப்புறம் தட்டுன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. ஏத்தாத கற்பூரத்தோட தட்டு உள்ள போச்சு. லூர்துசாமி சம்மட்டியத் தோள்ல போட்டுக்கினு வெளிய வந்தான்.

இருபத்துமூணாந் தேதி முட்டெல்லாம் பிரிச்சாங்க. கூரை ஜம்முனு நின்னுது.

இருபத்தேழு, கிரகப்பிரவேசமும் அமர்க்களமா நடந்துது. சாப்பாட்டுக்கப்புறம் வெத்தலை போட்டுண்டே மாமியோட தம்பி ராஜகோபாலன் பஞ்சாங்கத்தப் புரட்டினார். சும்மா இருக்கக் கூடாதா மனுஷன்?

"அத்திம்பேர், பன்னண்டாந் தேதிக்கு என்ன குறைச்சல்? உங்க நட்சத்திரத்துக்கு இதைவிட நல்ல நாள் இந்த மாசத்துலயே கிடையாது."

வக்கீல் வாங்கி ரெண்டு தரம் படிச்சார். மூடி வெச்சார்.

"வயசாயிடுத்து அந்த பிராமணனுக்கு. இனிமே நமக்கு வேற ஆளைப் பாக்கணும்."

அந்தப் பேச்சு ஜட்கா ஏறி, விளக்கு வெக்கறதுக்குள்ள மயிலாப்பூர் மாட வீதிக்குப் போயிடுச்சு. தையில வெச்சிருந்த வக்கீலாத்துப் பூணல் வேற வாத்தியாருக்குப் போச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுக் கல்யாணம். அப்புறம் எதிர் வீட்டு சீமந்தம். முப்பது வருஷமா நாள் பாத்துக் குடுத்தவர். பொங்கல் வந்தப்போ அவரைக் கூப்பிட ரெண்டே வீடுதான் மிச்சம்.

தை மாசம் ஒரு காலையில, கபாலி கோயிலுக்குப் பின்னாடி சந்துல இருந்த சாஸ்திரிகள் வீட்டு வாசல்ல லூர்துசாமி வந்து நின்னான். கையில ஒரு சீப்பு வாழப்பழம்.

"சாமி, நான் வக்கீலையாவாண்ட சொல்லிடறேன்."

"என்னத்த?"

"முட்டு பிரிக்கறதுக்கு மொத நாளு நான் உங்களாண்ட ஓடியாந்தத. கான்கிரீட்டு ஊத்தன அன்னிக்கே மழ புட்ச்சுகிச்சு, ஓரத்துல நகத்தால சொரண்டுனா மாவாட்டம் கொட்டுது, இஞ்சினீரு சொன்ன இருபத்தோரு நாளு ஆவறதுக்குள்ள முட்ட எட்த்தா என் மேலயே வந்துடும்னு நான் அழுதத."

"சொன்னா, மேஸ்திரி உன்னை நாளைக்கு வேலைக்கு வெச்சுப்பானா?"

லூர்துசாமி தலையக் குனிஞ்சுக்கினான். "பயந்தா கடலுக்கே போடா, ஆயிரம் பேரு கீறான்னு அப்பவே சொல்டாரு."

"பின்ன என்ன? பழத்தை அங்க வெச்சுட்டு வேலைக்குப் போ."

"உங்க பேரு போச்சே சாமி."

சாஸ்திரிகள் மூக்குப்பொடிய எடுத்து உறிஞ்சினார்.

"அன்னிக்கு நீ போனதும் நான் நேரா வக்கீல்கிட்டதான் போனேன்ப்பா. கூரை இன்னும் இறுகலையாமே, ஆள் உள்ள நிக்கறானேன்னேன். சிரிச்சார். 'கூரைய மேஸ்திரி பாத்துப்பான், நீங்க நாள் பாக்கற வேலையப் பாருங்கோ'ன்னார். சரின்னு நான் என் வேலையப் பாத்தேன்."

உங்க வீட்டுக்கும் இப்படி ஒருதடவை நாளைத் தப்பாக் குறிச்சுக் குடுத்தவர் யாராவது உண்டா?