அறுபதாம் நாள்

2024 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. வானம் காலை முதலே மூடிக் கிடந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை, புழுக்கம் மட்டும்.

அவள் எழுந்து நின்றாள். இப்போது அவள் ஒரு தாய்.

பயிற்சிக்காகத்தான். குழந்தையை வளர்க்க இயலாமல் அரசிடம் ஒப்படைக்க வரும் தாய்மாரிடம் சட்டத்தை எடுத்துச் சொல்லும் ஆற்றுப்படுத்துநராகப் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவள் அவள். தத்தெடுப்புச் சட்டம் குறித்த கூட்டுப் பயிற்சி என்பதால், அன்று வேடங்களை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய நாற்காலியில் காவல் ஆய்வாளர் சண்முகவடிவு அமர்ந்திருந்தார். சீருடை இல்லை, கத்தரிப்பூ நிறப் புடவை.

“உக்காரு தாயி. கலங்காத. மனசு மாறுனா ரெண்டு மாசத்துக்குள்ள வந்து பிள்ளைய வாங்கிக்கிடலாம்.”

“நிறுத்துங்க மேடம்,” என்றார் பயிற்றுநரான வழக்கறிஞர் ஜெபசீலன். “அந்தப் பொம்பளைக்குப் பிள்ளை போச்சு.”

அரங்கு சிரித்தது.

“ரெண்டு மாசம் இல்ல. அறுபது நாள். அறுபத்தோராவது நாள் வந்து நின்னா, சட்டப்படி அது வேற யாருக்கும் போகலாம்.”

“குற்றப்பத்திரிகை போட நாள் தப்புனா அக்யூஸ்டு ஜாமீன்ல போயிருவான், அதத்தான் சார் நாங்க எண்ணுவோம்,” என்றார் ஆய்வாளர்.

வழக்கறிஞர் பலகையில் எழுதினார். ஜூலை ஒன்று. அதன் எதிரே, ஆகஸ்ட் முப்பது.

ஜூலை ஒன்று.

மாரிக்கனி தன் குழந்தையை அவள் முன்னால் ஒப்படைத்துக் கையொப்பமிட்ட நாள்.

பத்திரத்தில் அறுபது நாள் என்றே அச்சாகியிருந்தது. ஆனால் அவள் வாயால் என்ன சொன்னாள்?

எளிமையாக இருக்கட்டும் என்று சொன்ன நினைவு. ரெண்டு மாசம் டைம் இருக்கும்மா. ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கிழம, திங்கக்கிழம வந்தாலும் சரிதான்.

அப்படித்தான் சொன்னாளா? மாரிக்கனியிடமா, வேறொருத்தியிடமா?

முஷ்டியை மடக்கி விரல் முட்டிகளில் எண்ணினாள். ஜூலை கடைசி முட்டி. ஆகஸ்ட் முதல் முட்டி. இரண்டும் மேடு. இரண்டுக்கும் முப்பத்தொன்று.

மறுபடி எண்ணினாள். ஐம்பத்தொன்பது வந்தது. மறுபடி. அறுபத்தொன்று. கையொப்பமிட்ட நாளைச் சேர்ப்பதா, விடுவதா?

பலகை தெளிவாக இருந்தது. அவள்தான் இல்லை.

“சொல்லும்மா, நீதான் தாய்,” என்றார் வழக்கறிஞர்.

“என்கிட்ட திங்கக்கிழம வரலாம்னு சொன்னாங்க சார்.”

குரல் உடைந்தது. அரங்கு கைதட்டியது.

“பிரமாதம். யாரு சொன்னாங்க?”

அவள் திரும்பினாள். வாசலில் கைப்பேசிகளை வாங்கி வைத்திருந்த கூடையை நோக்கி நடந்தாள். இதுவும் நடிப்பு என்று எண்ணிச் சிலர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான்காவது அழைப்பில் மாரிக்கனி எடுத்தாள்.

“அக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். பாப்பாவத் திரும்ப வாங்கிக்கிடலாம்னு இருக்கேன்க்கா. எங்க அண்ணன் சரின்னுட்டான். திங்கக்கிழம காலைல மொத பஸ்ஸுக்கு வாரேன்.”

மணி மூன்று இருபது. ஊர் நாற்பது கிலோமீட்டர். அடுத்த பேருந்து ஐந்து மணிக்கு.

குழந்தைகள் நலக் குழுவின் தலைவர் பாக்கியநாதன் முதல் வரிசையில் இருந்தார். தாயின் மனுவை ஏற்க வேண்டியவர் அவர். அவரருகே குனிந்தாள். சொல்ல நினைத்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

“பாவம் சார். அந்தப் பொண்ணு தேதியத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அஞ்சே முக்கால் வரைக்கும் இங்கதான் இருப்பேன். வெள்ளைத் தாள் போதும். ஆனா நேர்ல வரணும்.”

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஆய்வாளர், மாரிக்கனியை அழைத்துவர எழுந்தார். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார்.

“ஜீப்பு வேண்டாம். பாத்தா அந்தப் பிள்ள பயந்துரும்.”

பயிற்சி முடிந்தது. சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் பெயருக்கு எல்லோரையும்விடப் பலமான கைதட்டல். சிறந்த நடிப்பு என்றார்கள். எதற்கு வாங்குகிறாள் என்று புரியாமலே வாங்கிக்கொண்டாள்.

நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மின்விசிறிகள் நின்றன. பலகையில் ஆகஸ்ட் முப்பது அழியாமல் இருந்தது.

வாசலில் செருப்பின் ஓசை.

மாரிக்கனி மூச்சிரைக்க நின்றாள். மார்பின் மேல் துண்டைப் போர்த்தியிருந்தாள். பின்னால் ஆய்வாளர்.

மனுவை மாரிக்கனி நின்றபடியே எழுதினாள். நான்கு வரி. “மாரிக்கனி, க/பெ” என்று எழுதி, கணவர் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டாள்.

தலைவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒனக்குத் திங்கக்கிழமைன்னு யாரும்மா சொன்னது?”

மாரிக்கனி திரும்பி அவளைப் பார்த்தாள். குற்றஞ்சாட்டும் பார்வை இல்லை. என்ன சொன்னால் குழந்தை கிடைக்கும் என்று தேடும் பார்வை.

“யாரும் சொல்லல சார். நாந்தான் தப்பா எண்ணிட்டேன்.”

அவர் தலையசைத்துத் தாளை மேசையில் வைத்தார். ஏற்பு முத்திரையைக் கையில் எடுத்தார்.

“ஒரு நிமிஷம் சார்.”

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். மாரிக்கனியின் கையொப்பத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. ஒரே ஒரு வரி எழுதினாள்: திங்கட்கிழமை வரலாம் என்று சொன்னவள் நான். அதன் கீழ்த் தன் முழுப் பெயர். பதவி. கையொப்பம்.

எட்டிப் பார்த்த ஆய்வாளர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

தலைவர் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். பிறகு முத்திரை குத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தைத் தம் கையால் எழுதினார்.

மாலை மணி 5.41.