வெள்ளிக்கிழமை துடைத்த பலகை

"இவன்தான் என் மகனைக் கொன்றவன்!"

மார்த்தா பொலிஸ்காரருக்கு அவனைக் கைநீட்டிக் காட்டிக் கத்தினாள். ஸ்ரீஸ்கந்தராஜா தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

எண்பத்தாறாம் ஆண்டு, மாசி மாதம். சுவிஸ் மலையடிவாரத்தில் மார்த்தா நடத்துகிற சின்ன ஹோட்டல். இலங்கையிலிருந்து அகதியாக வந்த ஸ்ரீ அங்கே தரை துடைக்கிறவன்.

வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் விடியற்காலை மார்த்தா தொலைபேசியில் பனிச்சரிவு அறிவித்தலைக் கேட்டு, அன்றைய ஆபத்து எவ்வளவு என்று அதில் எழுதிவைப்பாள். பனிச்சறுக்கப் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் மலையேறுவார்கள்.

அவளுடைய ஒரே மகன் ஊர்ஸும் அன்று அப்படித்தான் போனான். விருந்தினர் யாரும் இல்லாத நாள். மத்தியானம் அவனைப் பனிக்குள்ளிருந்து பிணமாகத் தோண்டி எடுத்தார்கள்.

இப்போது பலகை வெறுமையாக இருந்தது.

"பெரிய ஆபத்து என்று என் கையால் எழுதினேனே!" மார்த்தா பொலிஸ்காரரிடம் அழுதாள்.

"பலகையைத் துடைத்தது யார்?"

"நான்தான்," என்றான் ஸ்ரீ, அரைகுறை ஜெர்மனில். "இன்று வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை வீடு கழுவித் துடைப்போம். அந்தப் பழக்கத்தில் விடியவே அதையும் துடைத்துவிட்டேன்."

மார்த்தா அவன் முகத்தில் காறித் துப்பினாள். அழுகிற தாயிடம் யார் நியாயம் பேசுவது? பொலிஸ்காரர் அவன் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

மேலே போய்ப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவனிடம் சவிரிமுத்து வந்தார். மன்னார்க்காரர், அதே ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவர். ஸ்ரீக்கு இந்த வேலையை எடுத்துக்கொடுத்தவரும் அவர்தான்.

"உனக்கென்ன விசரோடா? உன்ர வெள்ளிக்கிழமையால ஒரு உயிர் போட்டுது!"

ஸ்ரீ ஒரு சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தான்.

"அடுத்த மாசம் பேர்ண் நகரத்தில உன்ர அகதி விசாரணை. பொலிசில பேர் பதிஞ்சாச்சு. திருப்பி அனுப்பினாங்களெண்டால் கொழும்பில என்ன நடக்குமெண்டு தெரியுமோ?"

"ஓம் அண்ணை, தெரியும்."

"எங்கட சனத்தை இனி இங்க ஆர் வேலைக்கு எடுப்பான்? சொல்லு பாப்பம்."

கீழே மார்த்தா ஓவென்று அழுவது கேட்டது. ஸ்ரீ எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அண்ணை, இது உங்களோட நிக்கட்டும். விடிய நான் பலகையைத் தொடேல்லை. பெடியனைக் கொண்டுவந்து கிடத்தினாப் பிறகுதான் துடைச்சனான்."

"பிறகேன்ரா அதைத் துடைச்சனி?"

"மார்த்தா மனுசிக்கு போனில கேட்டதை இண்டைக்கு மாத்தி எழுத மறந்துபோச்சு. 'ஆபத்து குறைவு' எண்டு நேற்று எழுதினதுதான் அப்பிடியே கிடந்தது. அதைப் பாத்திட்டுத்தான் பெடியன் சிரிச்சுக்கொண்டு வெளிக்கிட்டவன்."

சவிரிமுத்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"தான் சரியா எழுதினதெண்டே அந்தத் தாய் நினைச்சுக்கொண்டு இருக்கட்டும் அண்ணை."