விமானம் கடக்கும்வரை

அது தொண்ணூற்றிரண்டா, தொண்ணூற்று மூன்றா என்பது எனக்கு நிச்சயமில்லை. காதில் விழுந்ததைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்றும் தெரியாது.

இலங்கை அகதிகளைத் தேடிப்போகும் மனநல வேனுக்கு அப்போது நான் ஓட்டுநர். கொட்டிவாக்கத்தில் விமானம் தாழப் பறந்தால் யோகேஸ்வரி அக்கா வேனுக்கு அடியில் புகுந்துவிடுவார். யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்தபோது அவர் பதுங்குகுழிக்குள் இருந்தார். சிறுவனான மகன் குகன் குழிக்கு வந்து சேரவில்லை.

"கதவைப் பிடிச்சுண்டு நின்னு மேல பாருங்கோ" என்று டாக்டர் ஸ்ரீரஞ்சனி அவரைப் பழக்கிவந்தார்.

அக்காவுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த கஜபதிக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. ஒரு நாள் நாங்கள் போய் நின்றதும் வந்து வேனை உதைத்தார்.

"இன்னாமே சிலோன், இன்னொரு வாட்டி அடியில பூந்தே, ரூமைக் காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு."

"வேற ஒருத்தரும் எங்களுக்கு வீடு தரமாட்டினம், ஐயா."

"அப்போ நில்லு. நானும் பாக்கறேன்."

விமானம் வந்தது. அக்கா கதவைப் பிடித்தபடி நின்றார். கஜபதி வேனுக்கு அடியில் கிடந்தார். அவர் எப்போது குனிந்தார் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அங்கிருந்து ஒரு சிறுவனின் குரல் கேட்டது.

"அம்மா, நான் உள்ள வந்திட்டன். நீங்களும் கெதியா வாங்கோ."

அக்காவின் விரல்கள் வெளுத்தன. சத்தம் ஓயும்வரை அவர் குனியவில்லை.

அந்த வருடக் கடைசியில் வேன் நின்றுபோனது. டாக்டர் பெங்களூருக்குப் போய்விட்டார். அக்காவை யாரும் அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை. கஜபதி அன்றிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே படுத்திருந்தார். அவருக்குச் சோற்றை அக்காதான் உள்ளே தள்ளிவிடுவார்.