வாய் மூடாத வெர்லீன்

"இது பொறுமை உள்ளவனுக்கான கம்பு. அது பொறுமை இல்லாதவனுக்கு. நீ எந்த ரகம்?" என்று கேட்டார் ஓடெல்.

அலபாமாவில் ஏரிக்கரையோரம் தூண்டில் கடை வைத்திருப்பவர் கேட்கிற கேள்வியா இது? அதுவும் கட்டிய மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஹார்லன் கையிலிருந்த விறைப்பான கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"முப்பது வருஷமா இவளோட குடும்பம் நடத்துறேன். பொறுமையப் பத்தி எங்கிட்டயே கேக்குறியா?"

வெர்லீன் கடைக் கூரையைப் பார்த்தாள்.

"சொல்றதக் கேளுப்பா. நீ போடப்போறது தண்ணி மேல துள்ளுற பொம்மை மீன். பாஸ் மீனு வந்து மோதுறது கண்ணுக்குத் தெரியும், சத்தமும் கேக்கும். உடனே கை சுண்டும். அது வாயக்கூட மூடியிருக்காது. விறைப்பான கம்பு இரைய வெடுக்குனு பறிச்சிட்டு வந்துரும். நுனி இளகினதுன்னா வளைஞ்சு குடுத்து, உனக்குப் பதிலா அது ஒரு மூச்சு காத்திருக்கும்."

"ராய்ஸ் எது வச்சிருக்கான்?"

"விறைப்புதான். ஆனா அவன் கல்லு மாதிரி உக்காந்திருப்பான்."

"அப்ப எனக்கும் அதுதான்."

ராய்ஸ், வெர்லீனின் தம்பி. நாலைந்து வருஷமாக ஏரிக் கழகத்தின் மீன்பிடிப் போட்டிக் கோப்பை அவன் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து எல்லோரும் கோழி வறுவலுக்கு உட்காரும்போது அதைத் துடைத்த கதையைச் சொல்வான். இந்த வருஷமாவது அந்த வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் ஹார்லனுக்கு ஒரே லட்சியம்.

ஓடெல் உதவிக்கு வெர்லீனைப் பார்த்தார். "அவர் இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள்.

ஹார்லன் கம்பை வண்டியில் வைத்துக் கட்டி முடிக்கும்வரை அவள் கடைக்குள்ளேயே நின்று ஓடெலிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும்.

மறுநாள் காலை, வழக்கமில்லாத வழக்கமாக அவளும் படகில் ஏறிக்கொண்டாள்.

அல்லி இலைகளுக்கு நடுவே பொம்மை மீன் துள்ளித் துள்ளி வந்தது. திடீரென்று தண்ணீர் வெடித்தது.

"ஹார்லன், அடுப்ப அணைச்சியா?"

"என்ன?"

திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஏரியைப் பார்த்தால், கம்பு வளைந்து கிடக்கிறது. நல்ல பெரிய மீன். வந்த சந்தோஷத்தில் திட்ட மறந்துவிட்டார்.

சற்றுத் தள்ளி இன்னொரு வெடிப்பு.

"நாயக் கட்டிப் போட்டியா?"

"நம்மகிட்ட ஏதுடி நாயி?" என்று அவர் எரிந்து விழுவதற்குள் அதுவும் மாட்டிக்கொண்டது.

மூன்றாவது மீன் மோதியபோது அவள் கேட்டது கொஞ்சம் ஆபத்தான கேள்வி. "நமக்குக் கல்யாணம் ஆனது வெள்ளிக்கிழமையா, சனிக்கிழமையா?"

ஹார்லன் திகைத்துப் போய் யோசித்தார். அன்று பிடித்ததிலேயே அதுதான் பெரியது.

"பாத்தியா கம்ப!" என்றார் கரையேறும்போது. "நீ மட்டும் தொணதொணக்காம இருந்திருந்தா இன்னும் புடிச்சிருப்பேன்."

போட்டி இரண்டு சுற்று; இரண்டின் எடையையும் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் சுற்று சனிக்கிழமை. படகில் துணைக்கு ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம். "வாய மூடிக்கிட்டு வர்றதா இருந்தா வா" என்றார் ஹார்லன். "எனக்கு அது வராது" என்று சொல்லி, குடிக்கக் குளிர்ந்த தேநீர் கட்டிக்கொடுத்து அனுப்பினாள் வெர்லீன்.

அன்று மீன்கள் போட்டி போட்டுக்கொண்டு மோதின. படகில் பரம அமைதி. தண்ணீர் வெடித்த ஒவ்வொரு முறையும் ஹார்லனின் கை வெட்டி இழுத்தது. பொம்மை மீன் காற்றில் பறந்து வந்து, ஒரு தடவை அவர் தொப்பியிலேயே மாட்டிக்கொண்டது. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை.

"என்ன மச்சான், இன்னைக்குத் தொப்பி மட்டும்தான் சிக்குச்சா?" என்றான் ராய்ஸ், எடை போடும் இடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி.

மறுநாள் ஹார்லன் கம்பைக் கொண்டுபோய் ஓடெலின் மேஜை மேல் போட்டார். "இதுல ஏதோ கோளாறு. முதல் நாள் அருமையா இருந்துச்சு. நேத்து ஒண்ணுமே நிக்கல."

"நேத்து வெர்லீனம்மா வரலையா?"

"அவ எதுக்கு? மீன் மோதுற நேரம் பாத்துத்தான் அவளுக்குப் பேச்சு வரும்."

ஓடெல் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "அன்னைக்கு நீ வண்டிக்குப் போனதும் எங்கிட்ட கேட்டாங்கப்பா. 'தம்பிக்கு முன்னாடி மானம் போயிரும்னு இவர் இளகின கம்பத் தொட மாட்டார். ஆனா ஜெயிக்கணும்னு ராத்திரியெல்லாம் பொலம்புறார். வேற வழி உண்டா?'ன்னு. நான்தான் சொன்னேன், தண்ணி வெடிச்சதும் அவன எதையாவது கேளுங்க, ஒரு மூச்சு தாமதிச்சாப் போதும்னு."

இல்லாத நாயை ஒருத்தி எதற்காகக் கட்டச் சொன்னாள் என்பது ஹார்லனுக்கு இப்போதுதான் உறைத்தது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று மற்ற நேரமெல்லாம் படகின் மூலையில் உட்கார்ந்து, அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"இந்தா, இளகினது. மாத்திக்கோ" என்று நீட்டினார் ஓடெல்.

"வேண்டாம்" என்று பழைய கம்பையே எடுத்துக்கொண்டு கிளம்பினார் ஹார்லன்.

வீட்டில் வெர்லீன் வெண்டைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை வாசலிலேயே நின்றார்.

"கடைசிச் சுத்துக்கு நீயும் வா."

"எனக்குத்தான் வாய மூடத் தெரியாதே."

"மூடாத" என்றார் ஹார்லன்.

வெர்லீன் திரும்பிப் பார்க்கவில்லை. வெண்டைக்காயை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுச் சொன்னாள்:

"சரி, வரேன். நாய நானே கட்டிப் போட்டுடறேன்."