தேறியவன்

தாம்பெரே நகரத்துக் குடிநோய் சிகிச்சை மையத்தின் சன்னலில் பனிக்கால வெளிச்சம் சாம்பலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆலோசகர் தூலிக்கியின் எதிரே ரைலி, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், கையுறைகளைப் பிசைந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வெளியே நடைவழியில் அவள் கணவன் என்சியோ காப்பி ஊற்றும் சத்தம், கூடவே அவன் சிரிப்பு. குடியை விட்ட பிறகு திரும்பி வந்த சிரிப்பு. அதைக் கேட்கத்தான் தூலிக்கி இத்தனை மாதம் அவனோடு மல்லுக்கட்டினாள். "நான் அவனை விட்டுப் பிரியறேன்" என்கிறாள் ரைலி. "இப்பவா? அவர் தேறிட்டாரேம்மா!" "அதான். விழுந்து கெடந்தப்ப விட்டுட்டுப் போக மனசு வரல. இப்ப தனியா நிப்பான். எனக்குள்ளதான் ஒண்ணும் மிச்சமில்ல. நீங்களே சொல்லிடுங்களேன்." "நான் சொல்லக் கூடாது, ரைலி. நீங்க சொல்லுங்க, பக்கத்துல இருக்கேன்." கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு என்சியோ வருகிறான், தட்டில் மூன்று கோப்பைகளோடு. "என்ன, என் தலையத்தான் உருட்டுறீங்களா?" விளிம்பு வரை நிறைந்த காப்பி ஒரு சொட்டும் சிந்தவில்லை. "பாத்தியா ரைலி, கை நடுங்கவே இல்ல!" ரைலி அந்தக் கைகளையே பார்க்கிறாள். "பாத்தேன். உக்காரு." தூலிக்கி நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். அவன் சிரித்துக்கொண்டே உட்காருகிறான்.