சிடி என்று சொன்ன வைஃபை குச்சி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யானாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும்!

உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் என்ற இயங்குதளம் குடியிருந்தது. ஒருநாள் அதில் ஒரு வைஃபை குச்சியைச் செருகினார்கள். சாயங்காலத்துக்குள் இணையம் வராவிட்டால் குச்சி குப்பைக்கூடைக்குத்தான் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

"யாரப்பா நீ?" என்றது லினக்ஸ்.

"நான் சிடிங்க."

லினக்ஸ் அதை அப்படியே நம்பி, ஓரமாக உட்காரவைத்தது.

பக்கத்தில் செருகியிருந்த மவுஸுக்குப் பொறுக்கவில்லை. "அடப்பாவி, ஏன்யா புளுகுறே?"

"புளுகு இல்லண்ணே. முன்னே விண்டோஸ் ஐயா வீட்டுல சிடியாத்தான் போய் நிப்பேன். எனக்குள்ளே இருக்கிற சிபாரிசுக் கடிதத்தை, அதான் என்னை இயக்குற மென்பொருளை, அவர் படிச்ச பிறகுதான் என் வேலையைச் சொல்லுவேன்."

"இங்கே கடிதம் யாரும் படிக்கிறதில்லை. அதைக் கீழே போட்டுட்டு வேலையைச் சொல்லு. உன்னை இயக்குற டிரைவர் மென்பொருள் இங்கேயே இருக்கார், காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கார்."

குச்சி கடிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு யோசித்தது. பொழுது சாய்ந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கடிதத்தைக் கீழே போட்டது. "நான் வைஃபை" என்றது.

அதற்குள் சொந்தக்காரர் அதைப் பிடுங்கிவிட்டிருந்தார். லினக்ஸுக்குக் கேட்கவில்லை.

சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்தச் சொந்தக்காரர் எனக்கு ரொம்ப வேண்டியவர்.