மாதிரிப் பத்திரம்

“அந்த வீட்டை வாங்கினா நீங்க பூனையோட கோர்ட்டுக்குப் போகணும்!” என்றார் வக்கீல்.

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பூனையோடயா சார்?”

“பின்னே? பக்கத்து வீட்டுப் பூனை இருபது வருஷமா அந்த மதில் மேல நடக்குதாம். நாளைக்கு அது வழிப் பாத்தியதை கேட்டா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன், பஸ் டிரைவர், சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

அவர்கள் கொண்டுவந்த பதினேழாவது வீடு இது. முதல் வீட்டில் மூலப் பத்திரம் இல்லை. இரண்டாவதில் ஒரு வாரிசின் கையெழுத்து விடுபட்டிருந்தது. அதெல்லாம் நியாயம்தான். ஆனால் பத்தாவது வீட்டுக்குப் பிறகு வக்கீலின் மூக்குக்கண்ணாடி, எறும்பு ஊர்ந்த தடத்தைக்கூட ஆக்கிரமிப்பு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது.

“இருக்கிற இடத்துல நிம்மதியா இருங்களேன், என்ன அவசரம்?” என்று வழக்கம்போல முடித்தார். “சுத்தமான பத்திரம் ஒண்ணு கண்ணுல படட்டும். விக்கிறவன் கையைப் பிடிச்சு நானே பதிவு ஆபீசுக்கு இழுத்துட்டு வர்றேன். இது வக்கீல் வாக்கு!”

தையல்காரி காதில் பாதிதான் விழுந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுப் பேச்சு வந்தாலே அவளுக்கென்று ஒரு வீடு மிதந்து வந்துவிடும். நீல ஜன்னல் வைத்த வீடு. மாலை வெயில் அதன் வழியாக இறங்கித் தரையில் சரிகை விரிக்கும். போகிற போக்கில் தையல் மெஷின் சக்கரத்தையும் ஒரு சுற்று சுற்றிவிடும். மேகங்கள் மொட்டை மாடிக் கொடியில் துணியோடு துணியாக வந்து காயும்.

“வீடே கிடைக்கல, இவ அதுக்குள்ள திரை தச்சு வச்சுட்டா சார்” என்றான் டிரைவர். “பஸ் வாங்கறதுக்கு முன்னாடியே ஹாரன் அடிக்கிற மாதிரி!”

“அளவெல்லாம் விரற்கடை பிசகாது” என்றபடி அவள் கனவிலிருந்து மெல்ல இறங்கி வந்தாள். “சார், குறையே இல்லாத பத்திரம்னு உலகத்துல ஒண்ணாவது இருக்கா?”

வக்கீலின் மார்பு அரை அடி விரிந்தது. பீரோவைத் திறந்து, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் ஒரு பத்திரக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“பாரும்மா! நாலு தலைமுறை மூலப் பத்திரம். முப்பது வருஷ வில்லங்கச் சான்று, பால் மாதிரி இருக்கும். அடமானம் கிடையாது, வாரிசுச் சண்டை கிடையாது. பூனைகூட வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் உள்ளே வரும்!”

“தையல்காரிக்கு மாதிரி இல்லாம வெட்ட வராது சார். இந்தச் சொத்தைத் தயங்காம வாங்கலாம்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. இனிமே பார்க்கிற வீட்டையெல்லாம் இதோட ஒப்பிட்டுப் பார்த்துக்கறோம்.”

பெருமையில் நாற்காலியைவிட்டு ஒரு சாண் மேலே மிதந்தபடி வக்கீல் எழுதினார். கையெழுத்துப் போட்டார். நாலு தெருவுக்குக் கேட்கும்படி முத்திரையும் குத்தினார்.

தையல்காரி காகிதத்தை மடித்துப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நன்றி சார். ஆனா பதிவு ஆபீசுக்கு நீங்க உங்க கையையே பிடிச்சு இழுத்துட்டு வரணும்” என்றவள், தெருவுக்கு எதிர்ப்பக்கம் தெரிந்த நீல ஜன்னலைக் காட்டினாள். “அஞ்சு வருஷமா நாங்க உங்ககிட்ட வாடகைக்கு இருக்கிற அந்த வீட்டுப் பத்திரம்தானே இது?”